எலும்பின் பிரதி

இரும்பை உருக்கி ஊற்றுமுன் மரத்திலே மாதிரி செய்து பார்க்கும் வார்ப்பட வேலையை அறிந்த தண்டையார்பேட்டைவாசிக்கு, இடுப்பைத் திறக்குமுன் அதன் பிரதியைக் கையில் ஏந்திப் பார்க்கும் வைத்திய யுக்தி விசித்திரமாகத் தோன்றாது.

1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி, உலோகத் தண்டுக்குப் பாலிஎத்திலீன் கிண்ணத்தைத் துணையாக்கி நிலைபெறச் செய்த இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைக்குச் சாதாரணமாக எக்ஸ்ரே படமே போதும். ஆனால், விபத்தில் நொறுங்கிக் கோணலாய்க் கூடிய இடுப்பிலும், பழைய செயற்கை மூட்டு தளர்ந்து எலும்பு அரித்துப்போன இடத்திலும் அது போதாது. ஏன்? எக்ஸ்ரே வெறும் நிழல். முன்னும் பின்னுமுள்ளவை ஒன்றன்மேல் ஒன்றாக விழ, பள்ளத்தின் ஆழம் மறைந்துபோகிறது.

சி.டி. ஸ்கேனோ சரீரத்தை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள நறுக்குகளாகக் காட்டுகிறது. அவற்றிலிருந்து எலும்பை மட்டும் கணினி பிரித்தெடுத்துக் கொடுக்க, முப்பரிமாண அச்சுப்பொறி பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காகப் படியவைத்து, நோயாளியின் இடுப்பெலும்பை அதே அளவில் உருவாக்குகிறது. பொம்மையென்று நகைப்பவர் நகைக்கட்டும்! எந்த அளவுக் கிண்ணம் பொருந்தும், எத்தனை நீளத் திருகாணி எத்திசையில் இறங்கினால் உட்புறத்துப் பெரிய ரத்தக்குழாய்களுக்கு அபாயமில்லை என்பனவற்றை நிபுணர் அதிலேயே துளையிட்டுப் பரீட்சித்து, உலோகத் தகட்டையும் முன்கூட்டியே வளைத்து வைத்துக்கொள்கிறார். மறுபக்கம் ஆரோக்கியமாயிருந்தால், அதன் கண்ணாடிப் பிம்பத்தை அச்சிட்டு, இழந்த வடிவத்தையும் அறியலாம்.

குறையும் உண்டு. குருத்தெலும்பு இந்தப் பிரதியில் தெளிவாக வருவதில்லை. முன்பே பொருத்திய உலோகம் ஸ்கேனில் கீற்றுகளை எழுப்பி விளிம்பைக் கலைத்துவிடும். அத்தகைய விளிம்புகளை நிபுணர்கள் சற்றுச் சந்தேகத்துடனேயே தொட்டுப் பார்க்கிறார்கள்.