மலைப்பொய்கைக்கு ஒரு நடைப்பயணம்

நுழையும்முன்

கொல்கத்தா சமவெளியில் அமைந்த நகரம். இங்கு வாழும் பிள்ளைகள் நாள்தோறும் மாடிப்படி ஏறுகின்றனர். ஆயினும், மலை ஏறியவர் சிலரே. முதுகில் பையைச் சுமந்து, பெற்றோருடன் காட்டுவழியே நடந்து, மலைமேல் உள்ள பொய்கையைக் காண்பதற்கு என்னென்ன ஆயத்தங்கள் வேண்டும்? வழியில் யாருடைய அடியைப் பின்பற்றி நடக்க வேண்டும்? இவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

ஏரியும் பொய்கையும்

தென் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அதன் அருகில் இரவீந்திர சரோபர் என்னும் பெரிய நீர்நிலை உள்ளது. இது 1920களில் வெட்டப்பட்டது. 1958ஆம் ஆண்டில் கவிஞர் இரவீந்திரநாத் தாகூரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. இதன் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 73 ஏக்கர் ஆகும்.

மனிதர் வெட்டியும் கரை கட்டியும் உருவாக்கிய நீர்நிலைகளை ஏரி, குளம் என்கிறோம். இயற்கையாக அமைந்த நீர்நிலையைப் பொய்கை என்பது தமிழ் மரபு. மலைப்பாறையிடையே ஊறித் தேங்கும் நீருக்குச் சுனை என்று பெயர்.

மேற்குச் சிக்கிமில், காடுகள் சூழ்ந்த மலையிடையே கெச்சியோபால்ரி என்னும் பொய்கை உள்ளது. அது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் நீர்ப்பரப்போ பத்து ஏக்கருக்கும் குறைவு. இரவீந்திர சரோபரின் பரப்பில் இத்தகைய பொய்கைகள் ஏழினை அடக்கிவிடலாம். இச்சிறிய பொய்கையையே முதல் நடைப்பயணத்திற்கு ஏற்ற இடமாக இப்பாடம் எடுத்துக்கொள்கிறது.

ஏன் இப்பொய்கை?

சிக்கிமில் இதனினும் புகழ்பெற்ற நீர்நிலைகள் உள்ளன. காங்டாக் நகருக்கு அப்பால் உள்ள சோம்கோ பொய்கை 3,753 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வட சிக்கிமின் குருதோங்மார் பொய்கை 5,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. இவ்விரண்டின் அருகிலும் ஊர்தியிலேயே சென்று இறங்கலாம். எனினும், எளிதில் சென்று சேரத்தக்க இடம் எல்லாம் உடலுக்கு எளிதான இடம் அன்று.

உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியும் குறைகிறது. பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் விரைந்து ஏறுவோர்க்குத் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை முதலியன தோன்றலாம். பெரியவர் இதனை உணர்ந்து சொல்லிவிடுவர். சிறு பிள்ளைக்கோ சொல்லத் தெரியாது, உணவை மறுக்கும், காரணமின்றி அழும், பெற்றோர் அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடுவர். ஆதலால், முதற்பயணத்திற்கு 2,500 மீட்டருக்குக் கீழுள்ள இடமே தக்கது.

1,700 மீட்டரில் நாம் எதிர்கொள்ள வேண்டியது குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 செல்சியஸ் குறையும். எனவே, கொல்கத்தாவைக் காட்டிலும் அங்கு 11 செல்சியஸ் அளவு குறைந்திருக்கும் என்று கணக்கிட்டு ஆடைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே கனத்த ஆடையைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் மெல்லிய ஆடைகள் சிறந்தவை. நடக்கும்போது ஒன்றைக் கழற்றலாம். நிற்கும்போது மீண்டும் அணியலாம்.

மழைக்காலத்தில் மலைப்பாதைகளில் மண்சரிவு நேரும். காட்டுவழியில் அட்டைகள் மிகும். மழை ஓய்ந்த அக்டோபர் இறுதியும் நவம்பரும், பின்னர் மார்ச்சும் ஏப்ரலும் நடைக்கு உகந்தவை.

பையும் பயிற்சியும்

பள்ளிப் பையின் எடை, மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று இந்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை கூறுகிறது. மலைவழிக்கும் இவ்வளவையே கொள்ளலாம். 20 கிலோ எடையுள்ள பிள்ளை 2 கிலோ சுமக்கலாம். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஆகவே, ஒரு லிட்டர் நீர்க்குடுவையே அப்பிள்ளையின் சுமையில் பாதியாகிவிடும்! அரை லிட்டர் நீர், ஒரு மழைச்சட்டை, ஒரு கம்பளிக் குல்லாய், ஓர் ஊதல், சிறிது தின்பண்டம் ஆகியவை போதும். எஞ்சியவற்றைப் பெரியவர்கள் சுமக்க வேண்டும்.

சுமை சிறிதாயினும் பிள்ளைக்கென்று ஒரு பை இருத்தல் நன்று. தன் நீரையும் தன் குல்லாயையும் தானே சுமக்கும் பிள்ளை, தன்னைப் பயணத்தின் ஓர் உறுப்பினராக உணரும்.

பயணத்திற்கு ஒரு மாதம் முன்பே பயிற்சியைத் தொடங்க வேண்டும். விடியற்காலையில் பையுடன் இரவீந்திர சரோபரைச் சுற்றி நடக்கலாம். சமவெளியில் ஏற்றம் இல்லை. எனவே, அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளில் ஏறி இறங்கிப் பழகலாம். புதிய காலணியை மலையில் முதன்முதலாக அணியக்கூடாது. அதனைப் பயிற்சியின்போதே அணிந்து பழக்கினால் காலில் கொப்புளம் உண்டாகாது.

உணவிற்குக் கவலை வேண்டா. நம் முன்னோர் நெடுவழி செல்லும்போது கட்டுச்சோறு கொண்டு சென்றனர். புளியோதரை ஒரு நாள் முழுதும் கெடாது. வறுத்த தானிய மாவும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த பொருள்விளங்கா உருண்டை பல நாள் தாங்கும். அதனுடன் வங்கத்தின் பொரியையும் கடலையையும் சேர்த்துக்கொண்டால், வழியுணவு நிறைவாகும்.

பயணமும் பாதையும்

கொல்கத்தாவின் சியால்தா நிலையத்தில் இரவில் தொடர்வண்டி ஏறினால், மறுநாள் காலையில் நியூ ஜல்பைகுரியை அடையலாம். அங்கிருந்து ஜீப்பில் தீஸ்தா ஆற்றையும் ரங்கீத் ஆற்றையும் ஒட்டி, மலைப்பாதையில் யுக்சம் என்னும் ஊரை அடைய ஒரு பகற்பொழுது ஆகும். வளைவுகள் மிகுந்த வழியாதலால், பிள்ளைகள் சிறிதளவே உண்டு பயணம் செய்வது நல்லது. சிக்கிமின் முதல் அரசர் 1642ஆம் ஆண்டில் முடிசூடிய இடம் யுக்சம். அன்றிரவு அங்குத் தங்கி, மறுநாள் காலையில் நடையைத் தொடங்கலாம்.

யுக்சமிலிருந்து பொய்கைக்குச் செல்லும் நடைவழி ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். வழக்கமாக நடப்பவர்க்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம் ஆகும்; பிள்ளைகளுடன் சென்றால் அதனினும் கூடும். வழி தெரிந்த உள்ளூர் ஒருவரைத் துணையாகக் கொள்ளுதல் வேண்டும். முதலில் வழி பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். பின்னர்ப் பொய்கையை நோக்கி ஏறும். வழியில் மரநிழலில் வளரும் பெரிய ஏலக்காய்ச் செடிகளையும், காற்றில் அசையும் வழிபாட்டுக் கொடிகளையும் காணலாம்.

மலைவழியைப் பற்றி வழிப்போக்கருக்கு முன்னறிவிப்பது தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான மலைபடுகடாம், நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. பன்றியைப் பிடிக்க வைத்த பொறிகளையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்களையும் அறிந்து விலகிச் செல்லுமாறு அது வழிகாட்டுகிறது.

திரும்புதலும் பயணமே

ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். தாய், தந்தை, பதினொரு வயது அண்ணன், ஏழு வயதுத் தங்கை ஆகிய நால்வர். காலை ஏழு மணிக்கு யுக்சமிலிருந்து புறப்படுகின்றனர். புறப்படும்முன் தந்தை ஒரு வரையறை கூறுகிறார்: "ஒன்பதரை மணிக்குள் பள்ளத்தாக்கின் அடியை அடைய வேண்டும். அடையாவிட்டால் திரும்பிவிடுவோம்."

இறக்கம் எளிதாக இருக்கிறது. அண்ணன் முன்னே ஓடுகிறான். தங்கையோ ஒவ்வொரு கல்லிலும் அமர்ந்து இறங்குகிறாள். அவள் குதிகாலில் கொப்புளம் உண்டாகிவிட்டது. தாய் காலணியைக் கழற்றிக் கட்டுப் போடுகிறார். மணி ஒன்பதரை, பள்ளத்தாக்கின் அடி இன்னும் கீழே இருக்கிறது.

"அப்பா, நீங்கள் தங்கையுடன் இருங்கள். நானும் வழிகாட்டியும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்" என்கிறான் அண்ணன்.

"குடும்பமாக வந்தோம், குடும்பமாகவே நடப்போம்" என்கிறார் தந்தை. நால்வரும் திரும்புகின்றனர். அண்ணன் கண்ணில் நீர் துளிர்க்கிறது. அவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை.

தந்தை செய்தது சரியா? ஆராய்ந்து பார்ப்போம். இறங்கும் வழி எளிது என்று கருதித் தொடர்ந்து சென்றால், பின்னர்த் திரும்புவதற்கும் ஏறவேண்டும். முன்னே செல்வதற்கும் ஏறவேண்டும். புண்பட்ட காலுக்கு இரண்டுமே கடினம். மேலும், கிழக்கிமயமலையில் நவம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணிக்கே கதிரவன் மறைந்துவிடும். இருளும் குளிரும் சூழும்போது சிறு பிள்ளையுடன் காட்டில் இருத்தல் தகாது. குழு பிரிந்தால், ஒருவருக்கு நேரும் இடர் மற்றவர்க்குத் தெரியாமற் போகும். அதனால்தான் நடைப்பயணத்தில் மிகச் சிறியவரே குழுவின் வேகத்தை முடிவு செய்கிறார். திரும்பும் நேரத்தையும் காலையில், களைப்பும் ஆசையும் மேலிடுவதற்கு முன்பே குறித்துவிட வேண்டும்.

மறுநாள் அக்குடும்பம் ஜீப்பில் பொய்கையின் அருகே சென்று இறங்குகிறது. எஞ்சிய சிறு தொலைவுக் காட்டுவழியைத் தங்கை தன் பையுடன் நடந்து முடிக்கிறாள். பொய்கை எங்கும் போய்விடவில்லை; அவர்களுக்காகக் காத்திருந்தது.

பொய்கைக் கரையில்

கெச்சியோபால்ரியைப் பௌத்தரும் இந்துக்களும் புனிதமாகப் போற்றுகின்றனர். வேண்டியதை அருளும் பொய்கை என்று அதனை அழைக்கின்றனர். நீரில் ஓர் இலை விழுந்தாலும் பறவைகள் அதனை எடுத்துச் சென்றுவிடும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. நீரருகே செல்லும்போது காலணியைக் கழற்ற வேண்டும். உயரத்திலிருந்து நோக்கினால், பொய்கை ஓர் அடிச்சுவட்டின் வடிவில் தோன்றும்.

இப்பொய்கைக்கும் இடர் உண்டு. சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து மழைநீர் அடித்துவரும் வண்டல் அதில் படிகிறது. மரங்கள் குறைந்தால் மண் அரிப்பு மிகும். சிறிய பொய்கை மெல்லத் தூர்ந்துபோகும். எனவே, பாதையை விட்டு விலகிச் செடிகளை மிதிக்கக்கூடாது. கொண்டு சென்ற உறைகளையும் தோல்களையும் பையிலேயே திரும்பக் கொண்டுவர வேண்டும். சிக்கிம் அரசு 2022 சனவரி முதல் நெகிழிக் குடுவைக் குடிநீரைத் தடை செய்துள்ளது. ஆதலால், நம் குடுவையில் காய்ச்சிய நீரை நிரப்பிக்கொள்வதே முறை.

2025 பிப்ரவரியில் கெச்சியோபால்ரி, உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சிக்கிமிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் ஈரநிலம் இதுவே. அப்போதே தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் பறவைகள் காப்பிடங்களும் சேர்க்கப்பட்டன. நாம் வாழும் நகரத்தின் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் 2002ஆம் ஆண்டிலேயே அப்பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. முன்னோர் ஊரிலும், வாழும் ஊரிலும், விருந்தாகச் சென்ற ஊரிலும் நீர்நிலைகளைக் காப்பது நம் கடமையாகும்.

மாணவர்களே! அடுத்த விடுமுறையில் உங்கள் குடும்பம் மலைக்குச் சென்றால், முன்னே ஓடாதீர்கள். பின்னே வரும் தம்பி தங்கையரைத் திரும்பிப் பாருங்கள். எல்லாரும் சேர்ந்து அடைவதே சென்று சேர்தல் ஆகும்.

சொல்லும் பொருளும்

பொய்கை – இயற்கையாக அமைந்த நீர்நிலை
ஆயத்தம் – முன்னேற்பாடு
கட்டுச்சோறு – வழிப்பயணத்திற்குக் கட்டிக் கொண்டு செல்லும் உணவு
கவண் – கல் எறியும் கருவி
தினைப்புனம் – தினை விளையும் மலைநிலம்
வண்டல் – நீர் அடித்துவந்து படியவைக்கும் மண்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ஏரிக்கும் பொய்கைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. மலைபடுகடாம் யாருக்கு வழிகாட்டுகிறது?
3. கெச்சியோபால்ரியுடன் ராம்சர் பட்டியலில் சேர்ந்த தமிழ்நாட்டு இடங்கள் எவை?

ஆ. காரணம் கூறுக.
1. முதற்பயணத்திற்குச் சோம்கோ பொய்கையைவிடக் கெச்சியோபால்ரி ஏற்றது.
2. திரும்பும் நேரத்தைக் காலையிலேயே குறித்துவிட வேண்டும்.

இ. கணக்கிட்டு எழுதுக.
உங்கள் உடல் எடை எவ்வளவு? நீங்கள் எவ்வளவு சுமக்கலாம்? அதற்குள் அடங்குமாறு உங்கள் பைக்கு ஒரு பட்டியல் எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக.
நீங்கள் அந்த அண்ணனாக இருந்திருந்தால், திரும்பி நடக்கும்போது தங்கையிடம் என்ன பேசியிருப்பீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.

உ. வீட்டில் கேட்டு அறிக.
உங்கள் தாத்தா, பாட்டி ஆகியோர் நெடும்பயணத்திற்கு என்ன உணவு கட்டிக்கொண்டு சென்றனர்? அவர்களிடம் கேட்டு, அதன் பெயரையும் செய்முறையையும் தமிழில் எழுதுக.