உங்களுக்குத் தெரியுமா? மூன்றே வாரத்தில் மடிந்த மான்கூட்டம்

2015 மே மாதம். கஜகஸ்தான் புல்வெளிகளில் குட்டி ஈனக் கூடியிருந்த சைகா மான்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. மூன்றே வாரத்தில் 2 லட்சத்துக்கும் மேல்! தாய்களோடு பால்குடி மறக்காத குட்டிகளும் போயின. நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. வேட்டையோ விஷமோ காரணமல்ல. மான்களின் தொண்டையில் தீங்கின்றிக் குடியிருந்த பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியாதான். வழக்கத்தை மீறிய வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த அந்த நாட்களில், அது பெருகி ரத்தத்தில் கலந்துவிட்டது. நம் மாடுகளுக்கு மழைக்காலத்தில் வரும் தொண்டை அடைப்பானும் இதே கிருமியின் வேலைதான். மாட்டுக்குத் தடுப்பூசி உண்டு. புல்வெளியில் ஓடும் மானுக்கு யார் போடுவது? ஆனாலும், சைகா பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும் இனம். 2023-இல் கஜகஸ்தானில் அவற்றின் எண்ணிக்கை 19 லட்சத்தைத் தொட்டது.