கலவையைக் காட்டும் ஒளி

மாணவர்களே, ஆய்வுக்கூடத்தில் புன்சன் அடுப்பை ஏற்றியிருப்பீர்கள். அடிப்புறத்துக் காற்றுத் துளையை மூடினால் மஞ்சட் சுடர். திறந்தால் நீலச் சுடர். எரியுமுன்பே வாயுவும் காற்றும் குழாயினுள் கலந்துவிடுவதே அவ்வடுப்பின் சிறப்பு. மின்சாரம் ஆக்கும் வாயு டர்பைன்களின் எரியறையிலும் இதே கலப்பைத்தான் நாடுகின்றனர். நோக்கம் மட்டும் வேறு.

காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அது எளிதில் எதனோடும் கூடாத சாது. ஆயினும் வெப்பநிலை 1500 டிகிரி சென்டிகிரேடைக் கடந்துவிட்டால், அது பிராணவாயுவுடன் கூடி நைட்ரிக் ஆக்ஸைடாகும் வேகம் மிக விரைவாகப் பெருகுகிறது. சோவியத் அறிஞர் செல்டோவிச் 1940-களில் இதனை விளக்கினார். நகரங்களின் புகைமூட்டத்துக்கும் அமில மழைக்கும் இவ்வாயு ஒரு காரணம்.

ஒரு பங்கு மீதேன் முழுதும் எரிய ஏறக்குறைய 9½ பங்கு காற்றுப் போதும். அப்போது சுடரின் வெப்பம் 1900 டிகிரியைத் தாண்டும். 20 பங்கு காற்றளித்தால் சுடரின் சூடு தணியும், தீமையும் தணியும். ஆனால் எங்கும் 20 பங்கு இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் மதிப்பெண் கூட்டிப் பழகிய எனக்குச் சராசரியில் நம்பிக்கை குறைவு. வகுப்பின் சராசரி 50 என்றால், பாதிப்பேர் 90-உம் பாதிப்பேர் 10-உம் பெற்றிருக்கலாம் அல்லவா? எரிவாயு செறிந்த இடங்களில் மிகுதியாய் விளையும் நைட்ரிக் ஆக்ஸைடை, அது நலிந்த இடங்கள் ஈடுசெய்ய இயலாது. மிகவும் நலிந்தால் சுடரே அணைந்துவிடும்.

நுண்குழாயால் உறிஞ்சி அளக்கலாமே எனில், குழாய் ஓட்டத்தைக் கலைக்கும். வந்து சேர்வதற்குள் ஏற்றத்தாழ்வுகள் ஒன்றாகி, மீண்டும் சராசரியே கைக்குக் கிட்டும்! ஆகவே ஒளியின் துணையை நாடினர்.

ஹீலியம்-நியான் லேஸர் என்றதும் செந்நிறக் கதிரே நினைவுக்கு வரும். அது 3.39 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரையும் தரவல்லது. மீதேன் உட்கொள்ளும் ஒளியும் தற்செயலாக அதுவே. நைட்ரஜனும் பிராணவாயுவும் அதனைத் தீண்டுவதில்லை. அழுத்தமும் வெப்பநிலையும் தெரிந்திருப்பின், மறுபுறம் வந்து சேரும் ஒளி எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து இடையிலுள்ள மீதேனைக் கணக்கிடலாம். விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளக்கலாம். ஆனால் கதிர் கடந்த வழி முழுமைக்குமான கூட்டுத்தொகையே இதனால் கிடைக்கும்.

இடத்துக்கு இடம் வேற்றுமை காண வேறொரு முறை உண்டு. நகப்பூச்சை அழிக்க உதவும் அசிட்டோனின் ஆவியை எரிவாயுவோடு சீராகச் சேர்ப்பர். குவார்ட்ஸ் பலகணி வழியே புறஊதா லேஸர் ஒளியை மெல்லிய தகடுபோல் விரித்துப் பாய்ச்சினால், அசிட்டோன் உள்ள இடமெல்லாம் நீலமாய் ஒளிரும். எரிவாயு மிகுந்த இடத்தில் ஒளியும் மிகும். அவ்வொளித் துடிப்பு நீடிப்பது ஒரு விநாடியின் நூறு கோடிப் பங்குகளில் 10 பங்கு அளவே. விநாடிக்கு 100 மீட்டர் விரையும் வாயு அதற்குள் எவ்வளவு நகரும்? பெருக்கிப் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு! ஆதலால் வாயுவின் சுருள்களும் இழைகளும் உறைந்து நின்றாற்போல் படத்தில் பதிகின்றன. சுடர் தொடங்குமிடத்தில் அசிட்டோன் சிதைந்து, படம் இருண்டுவிடுகிறது. அவ்வெல்லைக்குள் கலப்பு முடிந்தாக வேண்டும்.