பாறைக்கும் பனிக்கும் ஏற்ற கச்சை



பொருள்களின் தகுதியை விலையைக் கொண்டும் தோற்றத்தைக் கொண்டும் அளப்பது உலக வழக்கம். ஆனால் சில பொருள்களை அவை தாங்கும் உயிரைக் கொண்டே அளக்க வேண்டும். கிணற்றில் இறங்குவோன் பற்றும் வடம் அத்தகையது. குழந்தை உறங்கும் தூளி அத்தகையது. மலையேறுவோர் இடுப்பிலும் தொடையிலும் அணிந்து, கயிற்றோடு தம்மைப் பிணைத்துக்கொள்ளும் கச்சையும் அத்தகையதே. ஆங்கிலத்தில் இதனை ஹார்னெஸ் என்பர். பாறையில் ஏறுவதற்கும் பனிக்கட்டியில் ஏறுவதற்கும் ஒருங்கே பயன்படத்தக்க கச்சையை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

பனியனுக்குப் பேர்போன திருப்பூரில் வாழும் ஓர் ஆசிரியன் பனிமலையைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இரண்டு உண்டு. முதலாவது, மலையேற்றம் வடநாட்டார்க்கு மட்டும் உரிய கலையன்று. 1965ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் எம். எஸ். கோலி தலைமையில் சென்ற இந்தியக் குழு முதன்முதலாக எவரெஸ்டின் முடியை எட்டியது. 2023ஆம் ஆண்டு மே திங்களில் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி அம்முடியில் நின்று, அதனை அடைந்த முதல் தமிழ்நாட்டுப் பெண் என்னும் பெயர் பெற்றார். இரண்டாவது, உயிர் காக்கும் இந்தக் கச்சை பெரும்பாலும் இரும்பால் ஆனதன்று. நூலாலும் நாடாவாலும் தையலாலும் ஆனது. நூலையும் தையலையும் பற்றிப் பேசுவதற்கு நம் ஊரைவிட ஏற்ற ஊர் எது?

என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். அவருடைய தந்தையார் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இளைஞர் உத்தரகாசியில் 1965ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற நேரு மலையேற்றப் பயிற்சிக் கழகத்தில் 28 நாள் அடிப்படைப் பயிற்சி முடித்து வந்திருந்தார். தேக்லா என்னுமிடத்துப் பாறைகளில் முதலிற் பயின்று, பின்னர்த் தோக்ரியாணி பனியாற்றில் பயின்றதாகச் சொன்னார். சாரணர்களுக்கு நெடுங்காலம் கயிறும் முடிச்சும் கற்பித்தவன் என்பதால், "ஐயா, பாறைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என இரண்டு கச்சை வாங்க வீட்டில் வசதியில்லை. ஒன்றே இரண்டுக்கும் போதுமா?" என்று என்னிடம் வினவினார். போதும் என்பதே விடை. ஆனால் எந்த ஒன்று என்பதை ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

முற்காலத்தில் மலையேறியவர்களுக்குக் கச்சை என்று தனியே ஒன்று இல்லை. கயிற்றையே இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டார்கள். விழுந்தவன் அக்கயிற்றில் தொங்கும்போது, கயிறு மேலேறி விலா எலும்புகளின் கீழே இறுக்கும், மூச்சுவிடுவது அரிதாகும். விழுந்து பிழைத்தவன் தொங்கி மடிவதும் உண்டு. உடலின் பாரத்தைத் தொடைகளும் இடுப்பெலும்பும் பகிர்ந்து தாங்குமாறு செய்தால் இத்தீங்கு நீங்கும் என்று கண்டனர். 1970ஆம் ஆண்டு அன்னபூர்ணாவின் தென்முகத்தில் ஏறிய ஆங்கிலேயக் குழுவுக்காக டான் வில்லன்ஸ் என்பவர் வடிவமைத்த கச்சை புகழ் பெற்றது. இக்காலக் கச்சையில் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டையும், தொடைகளைச் சுற்றி இரண்டு வளையங்களும், முன்புறம் இவ்விரண்டையும் இணைக்கும் வலிய கண்ணி ஒன்றும் இருக்கும். கருவிகளை மாட்டிக்கொள்ளப் பக்கங்களில் சிறு வளையங்கள் இருக்கும்.

இனி, அதன் நூலைப் பார்ப்போம். பனியன் துணியை இழுத்தால் நீள்கிறது; விட்டால் மீள்கிறது. வளைவு வளைவாகக் கோத்த பின்னல் அது; இழுக்கும்போது ஒவ்வொரு வளைவும் தன் வடிவம் மாறி இடம் கொடுக்கிறது. உடலோடு ஒட்டி அசைய வேண்டிய உடைக்கு இக்குணம் நன்று. உயிரைத் தாங்கும் பட்டைக்கு ஆகாது. ஆகவே கச்சையின் பாரந்தாங்கும் பகுதிகள் நாடாவாக நெய்யப்படுகின்றன. நெய்த நாடாவில் பாவு நூல்கள் நெடுக ஓடி, இழுவிசை முழுவதையும் நேராக ஏற்றுக்கொள்கின்றன. அவை பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல்கள். பாலித்தீன் இனத்தைச் சேர்ந்த மிக வலிய நூல் ஒன்றும் சில இடங்களில் பயன்படுகிறது. அது எடை குறைந்தது, நீரை உறிஞ்சாது. ஆயினும் ஏறத்தாழ 145 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். நைலானோ 200 பாகைக்கு மேல்தான் உருகும். ஆனால் நைலான் நனைந்தால் தன் வலிமையிற் சிறு பங்கை இழக்கும். நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறையும் ஒரு குறையும் உண்டு என்பதை நெஞ்சில் இருத்துங்கள்.

நாடாக்களை இணைப்பது தையல். கால்சட்டையில் பெல்ட் கோக்கும் சிறு வளையம் பிய்ந்து போகாதிருக்க, அதன் முனையில் நெருக்கமாகப் பலமுறை முன்னும் பின்னும் தைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'பார்டாக்' என்று நம் தையற்காரர்கள் சொல்லும் அதே தையல்தான் மலைக்கச்சையிலும் உயிரைப் பிடித்து நிறுத்துகிறது. அத்தையலை நாடாவின் நிறத்துக்கு மாறுபட்ட நிற நூலால் தைப்பது நல்ல வழக்கம். ஓர் இழை அறுந்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பாறைக்கும் பனிக்கும் உள்ள வேறுபாடு என்ன? பாறையேறுவோன் மெல்லிய உடை உடுத்திருப்பான். பலமுறை வழுக்கி விழுந்து, கயிற்றில் தொங்கி, மீண்டும் முயல்வான். ஆகவே அவனுக்கு இடுப்பில் மெத்தென்ற அணைப்பு வேண்டும்; தொடை வளையம் அளவு மாறாததாக இருந்தாலும் குறையில்லை. பனியில் ஏறுவோனின் நிலை வேறு. அவன் உடைமேல் உடை உடுத்திருப்பான். காலணியில் கூரிய பற்கள் கொண்ட இரும்புச் சட்டத்தைப் பூட்டியிருப்பான். தொடை வளையத்தைத் திறந்து மூட வழியில்லையெனில், அப்பற்களோடு காலை நுழைக்கும்போது நாடா கிழிபடும். கையுறை அணிந்த கையால் பூட்டை இறுக்கவும் தளர்த்தவும் வேண்டும். பனியில் திருகி நிறுத்தும் குழாய்த் திருகுகளை எளிதில் எடுக்குமாறு தொங்கவிட வேண்டும். மேலும், பஞ்சுபோல் நீரை உறிஞ்சும் அணைப்பு பனியில் நனைந்து உறைந்து கட்டையாகிவிடும்.

ஆகவே இரண்டுக்கும் ஏற்ற கச்சையில் ஐந்து இயல்புகள் இருத்தல் வேண்டும். தொடை வளையங்கள் இரண்டும் பூட்டால் திறந்து அளவு மாற்றத்தக்கனவாக இருத்தல் ஒன்று. அணைப்பு நடுத்தரமான தடிப்பும் நீரை உறிஞ்சாத இயல்பும் உடையதாக இருத்தல் இரண்டு. கருவி வளையங்கள் நான்கேனும் இருந்து, பனித்திருகுகளை மாட்டும் பிளாஸ்டிக் கொக்கியைச் செருக இடுப்புப் பட்டையில் துளைப்பட்டிகளும் இருத்தல் மூன்று. தொடை வளையங்களைப் பின்புறம் தாங்கும் மீள்நாடாவைத் தனியே கழற்ற இயலுதல் நான்கு. நெடுநேரம் பனியாற்றில் இருப்போர், இடுப்புப் பட்டையை அவிழ்க்காமலே இயற்கைக் கடனைக் கழிக்க இது உதவும். எடை அளவோடு இருத்தல் ஐந்து. ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரை உள்ள பொதுக்கச்சை இவை யாவற்றையும் தர வல்லது. பந்தயப் பாறையேற்றத்துக்கென்றே செய்த மிக மெல்லிய கச்சையும், பனியாற்று நடைக்கென்றே செய்த அணைப்பில்லாத கச்சையும் தத்தம் இடத்தில் சிறந்தவையே. ஒன்றே வாங்க இயலும் மாணவர்க்கு இரண்டும் ஏற்றவையல்ல.

இவற்றினும் முதன்மையானது உடற்பொருத்தம். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் முகட்டுக்கு மேலே அமர வேண்டும். இறுக்கிய பின் இரண்டு கைகளாலும் கீழே இழுத்தால் அது எலும்பைத் தாண்டி வழுவக் கூடாது. தொடை வளையத்துக்குள் தட்டையான கை நுழையலாம். அதற்குமேல் தளர்வு வேண்டா. கடையில் மெல்லிய சட்டையோடு அளவு பார்த்து வாங்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பனிமலையில் அதே கச்சையைத் தடித்த உடைகளின் மேல் அணிய வேண்டும். ஆகவே மெல்லிய உடையோடும் தடித்த உடையோடும் அணிந்து பாருங்கள்; இரண்டிலும் பட்டையின் முனை, பூட்டைத் தாண்டி நான்கு விரற்கடையேனும் நீண்டிருக்க வேண்டும். இயலுமாயின், கடையில் கயிற்றில் தொங்கியும் பாருங்கள். பெண்களின் உடலமைப்புக்கேற்ப, இடைக்கும் தொடைக்கும் இடையிலுள்ள தொலைவை மாற்றிச் செய்த கச்சைகளும் உண்டு. இடுப்பெலும்பு வளர்ந்து நிரம்பாத சிறுவர்க்கு இடைக்கச்சை ஆகாது. தலைகீழாகக் கவிழ்ந்து நழுவக்கூடும்; தோளையும் சேர்த்துப் பிணைக்கும் முழுக்கச்சையே அவர்க்குத் தக்கது.

வாங்கும்போது உட்புறத்தில் தைத்துள்ள சீட்டைப் படியுங்கள். மலையேற்றக் கச்சைக்கு உரிய ஐரோப்பியத் தரம் இ.என். 12277 என்பது. அதில் இடைக்கச்சை சி வகை எனப்படும். அது 15 கிலோ நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். அதாவது ஏறத்தாழ 1,500 கிலோ எடை தொங்கினால் உண்டாகும் இழுவிசை. நம் ஊரில் உயரமான கட்டடங்களில் வேலை செய்வோர் அணியும் கச்சை இதுவன்று. அதற்குரிய இந்தியத் தரம் ஐ.எஸ். 3521. அதில் இணைப்பு வளையம் முதுகுப்புறம் இருக்கும். விழும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளத் தனிக்கருவி இருக்கும். மலையில் அவ்வதிர்ச்சியை நீண்டு கொடுக்கும் கயிறே வாங்கிக்கொள்கிறது. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைப்பது அறிவுடைமை ஆகாது. விலை மலிவென்று பிறர் பயன்படுத்திய கச்சையை வாங்குவதும் அவ்வாறே. அது எத்தனை முறை விழுதலைத் தாங்கியது, எந்த அமிலம் பட்டது என்பதை விற்பவனும் அறியான்.

நூற்பொருளுக்கு முதுமை உண்டு. வெயிலில் நாளெல்லாம் கிடந்த துணி வெளுத்து நைவதுபோல், நைலானும் கதிரொளியில் வலிமை குன்றும். மின்கல அமிலம் பட்டால், வெளியே தெரியாமலே நூல் இற்றுப்போகும். சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நிறைந்த நம் பகுதியில், இரசாயனங்கள் இருக்கும் இடத்தருகே கச்சையை வைத்தலாகாது. இளஞ்சூட்டு நீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் அதனை நம்ப வேண்டா என்பதே செய்வோர் பலரின் அறிவுரை. ஒவ்வோர் ஏற்றத்துக்குப் பின்னும் நாடாவை விரலால் தடவிப் பாருங்கள்; பனித்திருகின் கூர்முனையும் காலணிப் பற்களும் செய்த சிறு கீறல்களைக் கண் தவறவிட்டாலும் விரல் கண்டுபிடிக்கும்.

2006ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், டாட் ஸ்கின்னர் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கப் பாறையேற்ற வீரர் யோசெமிட்டியில் உயிரிழந்தார். அவருடைய கச்சையின் முன்கண்ணி தேய்ந்து அறுந்ததே காரணம். கண்ணி நைந்திருப்பதை உடன் வந்தவர் முன்பே சுட்டிக்காட்டியிருந்தார். புதிய கச்சைக்கும் ஸ்கின்னர் சொல்லி அனுப்பியிருந்தார். பல்லாண்டுப் பயிற்சியும் துணிவும் உடைய அவரை ஒரு சாண் நீளம்கூட இல்லாத நாடா கைவிட்டுவிட்டது. நாளை மாற்றலாம் என்னும் எண்ணத்துக்கு மலையில் இடமில்லை.

நல்ல கச்சை இருந்தும் கட்டத் தவறினால் பயனில்லை. 1989ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் லின் ஹில் என்னும் தேர்ந்த வீராங்கனை, கச்சையில் கயிற்றைக் கோத்து முடிச்சை முடிக்காமலே ஏறினார். 20 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்தார். மரக்கிளைகள் தடுத்ததால் உயிர் பிழைத்தார். ஏறுமுன் ஒருவர் பூட்டையும் முடிச்சையும் மற்றவர் சரிபார்ப்பது இதனால்தான் கட்டாயமாகிறது. அதில் வெட்கத்துக்கு இடமில்லை; மூத்தவர், இளையவர் என்னும் வேறுபாடும் இல்லை.

இவை யாவையும் அந்த இளைஞருக்கு எடுத்துரைத்தேன். அவர் ஐந்து இயல்புகளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பின்பு, கச்சையை வாங்கியதும் அதன் தையலைத் தம் தந்தையாரிடம் ஒருமுறை காட்டப்போவதாகச் சொன்னார். நல்ல எண்ணம் என்றேன். முப்பது ஆண்டு துணியை விரலால் அறிந்தவர், நைந்த நூலை முதலில் காண்பார். உங்கள் வீடுகளிலும் அத்தகைய விரல்கள் உண்டு. நூலை மதிக்கும் அவ்வறிவோடு மலைக்குச் செல்லுங்கள். சென்று நலமாகத் திரும்பி வாருங்கள்.