சாவியைக் கைமாற்றாதீர்கள்

தோட்டங்கள் சூழ்ந்த செண்டாயானில் இன்று வீட்டிலிருந்தபடியே தொலைவிலுள்ள சர்வரில் வேலை பார்க்கும் இளையோரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: சாவி பத்திரம்!

பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடுபோனதால், 1995-இல் பின்லாந்தின் தாத்து இலோனென் உருவாக்கியது 'எஸ்எஸ்எச்'. இதில் இரண்டு சாவிகள். பொதுச்சாவி சர்வரில் இருக்கும்; பூட்டைப் போல யார் பார்த்தாலும் பாதகமில்லை. தனிச்சாவியோ உங்கள் கணினியை விட்டு வெளியேறக்கூடாது. அது கிடைத்தவர் உங்கள் பெயரிலேயே உள்ளே நுழைவார். 2023 மார்ச்சில் கிட்ஹப் சர்வரின் தனிச்சாவியே சற்று நேரம் பொதுவெளியில் தெரிந்து, மாற்ற வேண்டியதாயிற்று.

வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். சாவிக் கோப்புக்கு நீளமான கடவுச்சொல் வையுங்கள். என் இரு கணினிகளுக்கும் வெவ்வேறு சாவிகள். ஒன்று தொலைந்தால், சர்வரில் அதன் பொதுச்சாவியை மட்டும் அன்றே நீக்கினால் போதும். திருடனிடம் இருப்பது பூட்டில்லாத சாவி.