கவுன் போட்ட பையன்



போன மாதம் தையல் பிரிவுக் கூட்டத்துக்கு மேல்மலைக் குழுவிலிருந்து வந்த அக்கா ஒருவர் பழைய போட்டோ ஒன்றின் நகலைக் கொண்டு வந்திருந்தார். கொடைக்கானலில் இருந்த அமெரிக்கக் குடும்பத்துப் படம், நூறு வருஷத்துக்கு முந்தியது. மூன்று பிள்ளைகள். பெரியவன் முழு பேண்ட். அடுத்தவன் முழங்காலுக்குக் கீழே இறுக்கிப் பிடித்த டவுசர், நீளக் காலுறை. கடைசிக் குழந்தைக்கு வெள்ளைக் கவுன், தோள் வரை சுருட்டை முடி. "கடைசிப் பொண்ணு என்ன லட்சணம்!" என்றோம். அக்கா சிரித்துக்கொண்டே, "பின்னாடி பேரைப் படிங்க, அதுவும் பையன்தான்" என்றார்.

அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம். பையன் துணி தைக்கிற நமக்கு இதில் விஷயம் இருக்கிறது. நாங்கள் செய்த தப்பு ஒன்றும் இதோடு சேர்ந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்கப் பாதிரிமார்கள் மதுரைக்கு வந்தது 1834ல். வெயிலும் காலராவும் அவர்களைப் பாடாய்ப் படுத்தியது. பிள்ளைகளையும் பெரியவர்களையும் வாரிக் கொடுத்தார்கள். அதனால் 1845ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கமிருந்து குதிரைப் பாதைதான். நடக்க முடியாதவர்களைச் சுமைகூலி ஆட்கள் தோளில் தூக்கிப் போனார்கள். பிள்ளைகளைப் படிப்புக்காகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டுத் தாய்மார் இங்கே தவிக்க வேண்டாம் என்று 1901ல் மலையிலேயே பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். ஹைக்ளர்க் என்று பெயர், முதலில் 13 பிள்ளைகள். இன்றைக்கு ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற சர்வதேசப் பள்ளி அதுதான்.

சரி, பையனுக்கு ஏன் கவுன்? அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆணோ பெண்ணோ நாலைந்து வயது வரை கவுன்தான். காரணம் ரொம்ப எளிது. அப்போது எலாஸ்டிக் வைத்த டவுசர் இல்லை. எல்லாம் பட்டனும் காஜாவும். சின்னப் பிள்ளை அவசரத்துக்குப் பட்டனைக் கழற்றுமா? கவுன் என்றால் தூக்கிவிட்டால் போதும். வெள்ளை என்றால் கொதிக்க வைத்து வெளுக்கலாம், சாயம் போகிறதே என்ற கவலை இல்லை. அக்காவுக்குத் தைத்ததைத் தம்பிக்கும் போடலாம். பெண்ணுக்கு ரோஸ், ஆணுக்கு நீலம் என்பதெல்லாம் பிற்பாடு வந்த பேச்சு. 1918ல் அங்கே குழந்தைத் துணி வியாபாரிகளின் பத்திரிகை ஒன்று ரோஸ்தான் பையனுக்குப் பொருத்தம் என்று எழுதியது, பாருங்களேன்!

வயது வந்ததும் ஒருநாள் பையனுக்கு முதல் டவுசர் போடுவார்கள். பல வீடுகளில் அதையொட்டியே சுருட்டை முடியையும் கத்தரிப்பார்கள். அம்மாக்கள் அந்த முடியை எடுத்து வைத்துக்கொண்டு அழுவார்களாம். இதைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரே சத்தம். பழனிக்கு மொட்டை போடப் போகும் முன்னால் பையனுக்குப் பின்னல் போட்டு, பூ வைத்து, கவுன் மாட்டி போட்டோ எடுக்காத வீடு நம்மில் எது? எங்களில் இரண்டு பேர் வீட்டில் அந்தப் படம் இன்னும் சுவரில் தொங்குகிறது. பையன்களுக்கு இப்போது மீசை வந்துவிட்டது, படத்தைக் கழற்றச் சொல்லிச் சண்டை!

கவுனுக்கு அடுத்து ஏழெட்டு வயது வரை பலவிதம். கப்பல்காரன் சட்டை என்று பெரிய காலர் வைத்தது ஒன்று. அது 1846ல் இங்கிலாந்து ராணி விக்டோரியா தன் மகனுக்குப் போட்டுவிட்டதில் இருந்து பரவியது. 1902ல் பத்திரிகையில் வந்த பஸ்டர் பிரவுன் என்ற படக்கதைப் பையனைப் பார்த்து, இடுப்பில் பெல்ட் கட்டிய நீளச் சட்டை ஒன்று. நாம் சினிமா பார்த்து ஜாக்கெட் தைக்கச் சொல்வது போலத்தான்.

நாம் கவனிக்க வேண்டியது அந்த நடுப்பையனின் டவுசரை. நிக்கர்பாக்கர் என்று பெயர். துணியைத் தாராளமாக விட்டு, முழங்காலுக்குக் கீழே பட்டி வைத்து பக்கிளால் பிடித்துவிடுவார்கள். மிச்சத் துணி பட்டிக்கு மேலே தொளதொளவென்று தொங்கும். பையன் வளர வளர அந்தத் தொளதொளப்பு குறையும், ஆனால் பட்டி முழங்காலை விட்டு ஏறாது. இரண்டு வருஷம் ஓடும். கவுனிலும் கீழே வரிசையாக டக் பிடித்து வைத்து, வருஷத்துக்கு ஒரு டக்காகப் பிரித்து இறக்குவார்கள். முழு பேண்ட் பதின்வயதில்தான் கிடைக்கும். அது வந்துவிட்டால் 'ஆள் ஆகிவிட்டான்' என்று அர்த்தம். 1930களுக்குப் பிறகு நிக்கர்பாக்கர் மெல்ல மறைந்தது.

இனி எங்கள் தப்பு. சென்ற வருஷம் பள்ளிச் சீருடை தைத்தபோது, துணி மிச்சம் பிடிக்கலாம் என்று பேண்ட்டுக்குக் கீழ்மடிப்பு அரை இஞ்ச்தான் விட்டோம். கட்டிங் மேசையில் அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. ஐந்தே மாதத்தில் ஒரு அம்மா பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எட்டாம் வகுப்புப் பையன், மளமளவென்று வளர்ந்துவிட்டான். பேண்ட் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது, கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்கிறார்கள், நாலு நாளாகப் பள்ளிக்கே போகவில்லை. "இறக்கிக் குடுங்கம்மா" என்றார். பிரித்துப் பார்த்தால் இறக்க என்ன இருக்கிறது? எங்களுக்கு முகத்தைத் தூக்கிப் பார்க்க முடியவில்லை. மிச்சம் பிடித்த துணியிலேயே அவனுக்குப் புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தோம், கூலி வாங்கவில்லை.

இப்போது பையன் பேண்ட்டுக்கு உள்மடிப்பு இரண்டரை இஞ்ச் விடுகிறோம். இடுப்பின் பின்தையலில் ஒரு இஞ்ச் சேர்த்து விட்டு, பிசிறு வராமல் ஓரம் அடிக்கிறோம். ஒரு பேண்ட்டுக்கு ஆகிற கூடுதல் துணி கொஞ்சம்தான். மடிப்பைப் பெரிய தையலாகப் போட்டால் பிரிக்கும்போது துணியில் ஓட்டை தெரியாது. பிரித்த இடத்தில் பழைய மடிப்புக் கோடு தெரிந்தால் ஈரத்துணி போட்டு இஸ்திரி போடுங்கள், மடிப்புத் தடம் குறையும்.

அந்தப் பையனின் புதுப் பேண்ட்டைத் தீபாவளிக்கு முன்னால் ஒரு இஞ்ச் இறக்கிக் கொடுத்தாயிற்று. இன்னும் ஒன்றரை இஞ்ச் உள்ளே இருக்கிறது.