அண்டை வீட்டு விளக்கு

சில தினங்களுக்கு முன் பூகோள வகுப்பில் தெற்கு ஆசியாவின் படத்தைச் சுவரில் மாட்டிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தோம். முன் வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்றான். "சார்! டில்லியைவிடக் கொழும்பு நமக்கு எவ்வளவோ கிட்டத்தில் இருக்கிறதே! நம் ஊர் ஸ்டேஷனில் ரயிலேறிக் கொழும்புக்குப் போக முடியாதா?" என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. ஏனெனில் ஒரு காலத்தில் ஜனங்கள் அப்படித்தான் போனார்கள். மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் பாதையில் உள்ள நமது சமயநல்லூர் வழியாகத்தான் சென்னை ரயில் தூத்துக்குடிக்குச் சென்றது. பிரயாணிகள் அங்கே கப்பலேறிக் கொழும்பில் இறங்கினார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடி வழி ஏற்பட்டது. அங்கிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோ மீட்டர்தான். 1964-ம் வருஷம் டிசம்பர் மாதத்துப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து போய்வந்த கப்பலும் இலங்கையின் உள்நாட்டுப் போரோடு நின்று போயிற்று. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே மறுபடி ஒரு கப்பல் விடுவதற்கு 2023-ம் வருஷம் வர வேண்டியிருந்தது.

இது இரண்டு தேசங்களின் கதை மட்டுமல்ல. நம்மைச் சுற்றியுள்ள தேசங்கள் அனைத்தின் கதையும் இதுவே.

1985-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி இந்தியா, பாகிஸ்தான், வங்க தேசம், இலங்கை, நேபாளம், பூட்டான், மாலத் தீவுகள் ஆகிய ஏழு தேசங்களின் தலைவர்கள் டாக்கா நகரில் கூடி, 'சார்க்' என்னும் தெற்காசியக் கூட்டுறவுச் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். 2007-ல் ஆப்கானிஸ்தானம் எட்டாவதாகச் சேர்ந்தது. காட்மாண்டுவில் காரியாலயம், டில்லியில் சர்வகலாசாலை, 2006 முதல் அமலுக்கு வந்த சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் என்று ஏற்பாடுகளுக்கு மட்டும் குறைவில்லை. ஆயினும் இத்தேசங்கள் தங்கள் மொத்த வியாபாரத்தில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பங்கைத்தான் தமக்குள் நடத்துகின்றன என்கிறது உலக பாங்கி. கிழக்கே 'ஆசியான்' தேசங்களுக்குள் இது ஏறக்குறைய கால் பங்காக இருக்கிறது.

காரணம் என்ன? சங்கத்தின் சாசனத்தில் இரண்டு விதிகள் உண்டு. இரு தேசங்களுக்கிடையே உள்ள தகராறுகளைச் சபையில் பேசக்கூடாது என்பது ஒன்று. எந்த முடிவும் ஏகமனதாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. சம்பந்திச் சண்டையைப் பந்தலில் பேசக்கூடாது. ஆனால் இரு சம்பந்திகளும் சம்மதித்தால்தான் இலை போடலாம் என்று சொன்னால், விருந்தாளிகள் கதி என்ன ஆகும்?

2014 நவம்பரில் காட்மாண்டு மகாநாட்டில் மூன்று ஒப்பந்தங்கள் தயாராக இருந்தன. மின்சார ஒப்பந்தம் மட்டும் கையெழுத்தாயிற்று. ரயிலும் மோட்டாரும் எல்லை கடந்து செல்வதற்கான மற்ற இரண்டும், பாகிஸ்தான் சம்மதியாமையால் நின்றன. அடுத்த மகாநாடு 2016-ல் இஸ்லாமாபாத்தில் கூடியிருக்க வேண்டும். அவ்வருஷம் செப்டம்பரில் ஊரி முகாமில் நமது சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். இந்தியா வர மறுத்தது. வேறு சில தேசங்களும் மறுத்தன. ரத்தம் காய்வதற்குள் விருந்துக்குப் போக யாருக்குத்தான் மனம் வரும்? இந்தியா மறுத்ததில் நாம் குறை காணவில்லை. ஆனால் அதற்குப்பின் எட்டுத் தலைவர்களும் ஒரு மகாநாட்டில்கூடக் கூடவில்லை. இருவர் சண்டையில் மற்ற அறுவர் காரியமும் முடங்கியது.

முடங்கக் கூடிய காலமா இது? 2023 என்னும் ஒரே வருஷத்தில் வங்க தேசம், இலங்கை, பாகிஸ்தான் ஆகிய மூன்றும் சர்வதேச நாணய நிதியின் கடனைப் பெற்றன. 2022-ல் இலங்கையிலும், 2024-ல் வங்க தேசத்திலும், 2025-ல் நேபாளத்திலும் வீதியில் திரண்ட ஜனங்கள் ஆட்சியையே கவிழ்த்தார்கள்.

இலங்கையின் சங்கடம் நமது கண்ணெதிரே நிகழ்ந்தது. 2022 மார்ச் மாதக் கடைசியில் அங்கே ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. எண்ணெய் வாங்க டாலர் இல்லாமற் போனதே முக்கிய காரணம். பசி தாங்காத சில குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடிக் கரைக்கு வந்தன. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால் பவுடரும் மருந்தும் கப்பலேறின.

2025 பிப்ரவரி 9-ந் தேதி நடந்ததோ வேறு விதம். பாணந்துறைத் துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தது. தீவு முழுவதும் மின்சாரம் நின்றது! அன்று ஆஞ்சநேயர் இலங்கைக்குத் தீ வைத்தார். இன்று அவர் குலத்தார் ஒருவர் இலங்கையின் விளக்கை அணைத்தார் என்று நம் ஊர்க் காப்பிக் கடையில் வேடிக்கை பேசினார்கள். வேடிக்கையின் உள்ளே விஷயம் உண்டு. அண்டையில் தாங்குவார் இல்லாமல் தனித்து நிற்கும் சிறிய மின்சார அமைப்பு, ஓர் இடத்தில் தடுமாறினால் முழுவதுமே சாய்ந்துவிடும்.

எண்ணெய் எரித்து விளக்கேற்றுவதன் செலவு நம் ஊராருக்குத் தெரியாததல்ல. 2001-ல் 106 மெகாவாட் சக்தியுள்ள எண்ணெய் மின் நிலையம் ஒன்று சமயநல்லூரிலேயே தொடங்கப்பட்டது. இலங்கைக்கோ அருகிலேயே வேறு வழி இருக்கிறது. மதுரையிலிருந்து கடலடியாக அனுராதபுரத்துக்கு மின்கம்பி இழுப்பதைப் பற்றி ஆராய 2010-லேயே இரு சர்க்கார்களும் உடன்பட்டன. பதினைந்து வருஷம் கழித்து, 2025 ஏப்ரல் 5-ந் தேதி, மின்சாரத் தொடர்புக்கான உடன்படிக்கை கொழும்பில் கையெழுத்தாயிற்று.

ஏன் இத்தனை தாமதம்? பணம் ஒரு காரணம்; பயம் மற்றொரு காரணம். இந்தியாவின் உச்ச மின்தேவை 2024 மே மாதத்தில் 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. இலங்கையின் தேவை அதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. 'ஸ்விச்சு பெரியவர் கையில் இருந்தால், மனஸ்தாபம் வரும்போது என்ன செய்வது?' என்று சிறியவர் யோசிப்பது இயற்கை. 2015 கடைசியில் நேபாள எல்லையில் எண்ணெய் லாரிகள் மாதக் கணக்கில் நின்றன. இந்தியாவின் முற்றுகை என்றது நேபாளம்; எல்லையோர மக்களின் கிளர்ச்சி என்றது இந்தியா. யார் சொன்னது சரியாயினும், அடுப்பு எரியாத வீடுகள் நேபாளத்தில்தான் இருந்தன.

அதே நேபாளம் இன்று நமக்கு வழிகாட்டுகிறது. 2024 அக்டோபர் 3-ந் தேதி நேபாளமும் இந்தியாவும் வங்க தேசமும் ஓர் ஒப்பந்தம் செய்தன. நேபாள நதிகளில் பிறந்த மின்சாரம் 40 மெகாவாட், இந்தியக் கம்பிகளின் வழியே வங்க தேசத்துக்குப் போகும். டாக்காவில் ஆட்சி கவிழ்ந்து அப்போது இரண்டு மாதங்கூட ஆகவில்லை. டில்லிக்கும் டாக்காவுக்கும் முகம் கொடுத்துப் பேசுவதே கஷ்டமாயிருந்தது. ஆயினும் நவம்பரில் மின்சாரம் ஓடியது!

எண்மரும் ஏகமனதாகும் வரை காத்திராமல், மனமுள்ள இருவர் மூவர் காரியத்தைத் தொடங்கட்டும். கதவை மட்டும் மற்றவர்களுக்குத் திறந்து வைக்கட்டும். மதுரைக் கம்பியில் மின்சாரம் இரு புறமும் ஓட வேண்டும். மன்னார்க் காற்றில் பிறக்கும் மின்சாரத்தை இலங்கை நமக்கு விற்கவும் வழி வேண்டும். மீன்பிடித் தகராறு முதலிய எந்த மனஸ்தாபத்துக்காகவும் விளக்கை அணைப்பதில்லை என்று பெரிய தேசம் எழுதிக் கொடுக்க வேண்டும். அது தாழ்வல்ல; மூத்தவனுக்கு உரிய பெருந்தன்மையே ஆகும்.

மறுநாள் அந்தச் சிறுவனை அழைத்து, படத்தில் மதுரையிலிருந்து அனுராதபுரத்துக்கு ஒரு கோடு போடச் சொன்னோம். அவன் புள்ளி புள்ளியாகப் போட்டான். "ஏன் தம்பி?" என்றோம்.

"இன்னும் கம்பி போடவில்லையே, சார்!" என்றான்.

புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக்க வேண்டியவர்கள் பெரியவர்கள். அவன் பெரியவனாகும் வரை காத்திருக்க வேண்டாம் என்பதே நமது பிரார்த்தனை.